பொன்னாடை போர்த்தினால் போதுமா?

ஆண்டுதோறும் மே 12-ந் தேதி வந்துவிட்டால் நமது ஆஸ்பத்திரிகளில் விழாக்கோலம்தான். அன்று பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரின் பிறந்த நாள். சர்வதேச நர்சுகள் தினம். மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள். உறுதிமொழி வாசிக்கிறார்கள். மேடையிலே பெரிய மனிதர்கள் வந்து அமர்ந்து, "தியாகத்தின் திருவுருவங்களே! நடமாடும் தெய்வங்களே!" என்று வாயாரப் புகழ்கிறார்கள். சிலருக்குக் கேடயம், சிலருக்குப் பொன்னாடை, எல்லோருக்கும் ஒரு லட்டும் ஒரு பிடி மிக்சரும். விழா இனிதே முடிகிறது. பகலிலே தெய்வம் என்று போற்றப்பட்ட நர்சு, இரவு டியூட்டிக்கு வந்து ஒரு வார்டு முழுவதையும் ஒற்றை ஆளாகக் கட்டிக்கொண்டு அழுகிறார்.

விழா வேண்டாம் என்று நாம் சொல்ல வரவில்லை. உழைக்கிற மனிதரை நாலு பேர் முன்னிலையில் நிறுத்தி, நன்றாகச் செய்தாய் என்று சொல்வது நல்ல காரியம். மத்திய சர்க்கார் 1973-ம் ஆண்டு முதல் நைட்டிங்கேலின் பெயரால் நர்சுகளுக்குத் தேசிய விருது வழங்கி வருகிறது. அதைப் பெற்றவர்களின் சேவையை எவரும் குறைத்துப் பேச முடியாது. அதிலே நமக்குத் தகராறு இல்லை.

ஆனால் அண்மைக் காலத்தில் இந்த விழாவுக்கு ஒரு துணையும் சேர்ந்திருக்கிறது. அதற்குப் பெயர் 'தலைமைப் பண்புப் பயிற்சி'. பெரிய தனியார் ஆஸ்பத்திரிகளில் தொடங்கிய இந்த வழக்கம் இன்று சர்க்கார் ஆஸ்பத்திரி வாசல்வரை வந்துவிட்டது. 'இந்த மாதத்தின் சிறந்த ஊழியர்' என்று சுவரிலே ஒரு படம். குளுகுளு அறையிலே ஒரு வகுப்பு. "நீங்கள் ஒவ்வொருவரும் தலைவரே!" என்று ஓர் உபதேசம். காதுக்கு இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் தலைவர் என்று அழைக்கப்பட்ட அந்த நர்சுக்கு அடுத்த வருஷம் வேலை இருக்குமா என்பதே நிச்சயமில்லை என்றால், அந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வது?

நாம் சொல்ல வந்தது இவ்வளவுதான்: விருது கொடுங்கள், உரிமைக்குப் பதிலாகக் கொடுக்காதீர்கள். பயிற்சி கொடுங்கள், அதிகாரத்தையும் சேர்த்துக் கொடுங்கள். இரண்டையும் பிரித்துவிட்டால், முன்னது அலங்காரம், பின்னது ஏமாற்று.

விளக்கு மட்டுமா ஏந்தினார்?

நைட்டிங்கேல் அம்மையாரின் பெயரைச் சொல்லித்தானே இத்தனை விழாக்களும் நடக்கின்றன? அந்த அம்மையார் யார்? கையில் விளக்கோடு நோயாளிகளிடையே நடந்த கருணை வடிவம் என்று மட்டுமே நமக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். மீதிக் கதையைச் சொல்லவில்லை.

1854-ல் கிரிமியா யுத்தத்தின்போது ஸ்குடாரி ராணுவ ஆஸ்பத்திரிக்கு அவர் போனார். பீரங்கிக் குண்டால் செத்தவர்களைவிட, அழுக்காலும் தொற்று நோயாலும் செத்த சிப்பாய்களே அதிகம் என்பதைக் கண்டார். ஊர் திரும்பியதும் மாலை மரியாதைகளை ஏற்றுக்கொண்டு வீட்டில் உட்கார்ந்துவிடவில்லை. சாவுக் கணக்கைத் திரட்டினார், வரைபடம் போட்டார், ராணுவ இலாகாவின் மெத்தனத்தை அம்பலப்படுத்தினார். 1857-ல் விசாரணைக் கமிஷன் அமைவதற்குப் பின்னணியில் நின்று பாடுபட்டார். பிரிட்டனின் புள்ளியியல் சங்கத்தில் முதல் பெண் உறுப்பினராக 1858-ல் இடம் பெற்றார். 1860-ல் லண்டன் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில் நர்சுகள் பயிற்சிப் பள்ளி அவர் பெயரால் தொடங்கியது. மந்திரிகளுக்கும் தளபதிகளுக்கும் ஓயாமல் கடிதம் எழுதி, ஓயாமல் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தவர் அவர்.

அதாவது, இன்றைக்கு எந்த நர்சாவது அதே வேலையைச் செய்தால், வார்டிலே செத்தவர்கள் எத்தனை பேர், ஆள் பற்றாக்குறையால் செத்தவர்கள் எத்தனை பேர் என்று கணக்கெடுத்து மேலிடத்துக்கு எழுதினால், அவருக்குக் கிடைப்பது கேடயமா, மெமோவா? விழா நடத்துகிறவர்கள் நெஞ்சில் கை வைத்துச் சொல்லட்டும்!

கைதட்டலும் பூமழையும்

பாராட்டு மட்டும் கிடைத்தால் என்ன ஆகும் என்பதை உலகமே கண்ணால் பார்த்த காலம் கொரோனாக் காலம்.

2020 மார்ச் 22-ந் தேதி மாலை 5 மணிக்கு நாடு முழுவதும் கை தட்டினார்கள், தட்டுகளைத் தட்டினார்கள், மணி அடித்தார்கள். மே 3-ந் தேதி விமானப் படையின் ஹெலிகாப்டர்கள் ஆஸ்பத்திரிகளின் மேலே பறந்து பூமாரி பொழிந்தன. புராணத்திலே தேவர்கள் பொழிந்ததாகக் கேட்டதை அன்று சர்க்காரே செய்து காட்டியது. மக்கள் தட்டிய கைகளில் உண்மையான நன்றி இருந்தது. அதை நாம் பழிக்க மாட்டோம். ஆனால் மேலேயிருந்து பூவைக் கொட்டியவர்களிடம் அதற்குப் பிறகு என்ன கொடுத்தீர்கள் என்று கேட்கக் கடமைப்பட்டிருக்கிறோம்.

தமிழ்நாட்டிலே கொரோனாவுக்காக அவசர அவசரமாக நர்சுகள் வேலைக்கு எடுக்கப்பட்டார்கள். பாதுகாப்பு உடையை மாட்டிக்கொண்டு, தண்ணீர் குடிக்கவும் வழியில்லாமல், மணிக்கணக்காக வேர்வையில் குளித்தவர்கள் அவர்கள். பெற்ற பிள்ளையை வாரக் கணக்கில் தொடாமல் இருந்தவர்களும் அவர்களில் உண்டு. 2022 டிசம்பர் 31-ந் தேதியோடு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் ஒப்பந்தம் முடிந்தது. புத்தாண்டுப் பரிசு, வேலையின்மை! கிளர்ச்சி எழுந்த பிறகு மாவட்ட அளவில் மாற்று வேலை தருவதாகச் சொன்னார்கள். அதுவும் நிரந்தரமில்லாத வேலைதான்.

சீமையிலும் இதே கதை. 2020 மார்ச் 26 முதல் பத்து வாரம், வியாழக்கிழமை தோறும் இரவு 8 மணிக்குப் பிரிட்டன் மக்கள் வாசலில் நின்று கை தட்டினார்கள். பிரதம மந்திரியும் தட்டினார். அடுத்த ஆண்டு மார்ச்சில் அந்தச் சர்க்கார் நர்சுகளுக்குக் கொடுக்க முன்வந்த சம்பள உயர்வு எவ்வளவு தெரியுமா? நூற்றுக்கு ஒன்று! கூச்சல் கிளம்பிய பிறகு அது மூன்றாயிற்று. விலைவாசி ஏறிய வேகத்தில் அதுவும் கரைந்தது. முடிவு என்ன? 1916-ல் தொடங்கிய ராயல் நர்சிங் காலேஜ் என்னும் சங்கம், 2022 டிசம்பர் 15-ந் தேதி தன் வரலாற்றிலேயே மிகப் பெரிய வேலைநிறுத்தத்தில் இறங்கியது. கைதட்டல் ஓசை அடங்கி இரண்டரை ஆண்டுதான் ஆகியிருந்தது.

கைதட்டலை வைத்துக் கடையிலே அரிசி வாங்க முடியாது. இது லண்டன் நர்சுக்கும் தெரியும். தேனாம்பேட்டை நர்சுக்கும் தெரியும்.

தேனாம்பேட்டையில் கண்ட தலைமை

தேனாம்பேட்டை என்று சொன்னதும் நினைவுக்கு வருவது 2017 நவம்பர் மாதம்.

தமிழ்நாட்டில் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் 2012-ல் அமைக்கப்பட்டது. 2015-ல் அந்த வாரியம் போட்டித் தேர்வு வைத்து ஆயிரக்கணக்கான நர்சுகளைத் தேர்ந்தெடுத்தது. கொல்லைப்புற வழியாக வந்தவர்கள் அல்ல. பரீட்சை எழுதி, மதிப்பெண் வாங்கி வந்தவர்கள். அவர்களுக்குக் கொடுக்கப்பட்டதோ தொகுப்பூதியம் மாதம் ரூ.7,700. இரண்டு ஆண்டு கழித்து நிரந்தரம் என்பது பேச்சு. இரண்டு ஆண்டு கழிந்தது. நிரந்தரம் வரவில்லை. காலியிடம் இருந்தால் பார்க்கலாம் என்ற பதில்தான் வந்தது.

2017 நவம்பர் 27-ந் தேதி, தேனாம்பேட்டை மருத்துவப் பணிகள் இயக்குநரக வளாகத்தில் ஆயிரக்கணக்கான நர்சுகள் வந்து அமர்ந்தார்கள். மாவட்டம் மாவட்டமாக, இரவோடு இரவாக, பையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்த இளம் பெண்கள். கைக்குழந்தையோடு வந்தவர்கள் உண்டு. போலீஸ் சூழ்ந்து நின்றது. மூன்று நாள் அசையாமல் உட்கார்ந்தார்கள். ஐகோர்ட்டு தலையிட்டு வேலைக்குத் திரும்பச் சொன்ன பிறகுதான் கலைந்தார்கள். அதன் பின்னர் தொகுப்பூதியம் படிப்படியாகக் கூட்டப்பட்டது. ஒரு பகுதியினர் காலமுறை ஊதியத்துக்கு வந்தார்கள். மற்றவர்கள் காத்துக் கிடந்தார்கள்.

இப்போது ஒரு கேள்வி. அந்தப் பெண்களுக்குத் தலைமைப் பண்பை எந்த வகுப்பிலே யார் கற்றுக் கொடுத்தார்கள்? ஆயிரம் ஆயிரமாக மக்களை ஓரிடத்தில் கூட்டுவது, பசித்தவருக்குச் சோறு ஏற்பாடு செய்வது, மயங்கி விழுந்தவருக்குச் சிகிச்சை தருவது, மந்திரியோடும் அதிகாரிகளோடும் பேச ஆள் தேர்ந்தெடுப்பது, கட்டுக் குலையாமல் நிற்பது என்று இத்தனையும் தலைமைப் பண்பல்லவா? இதை அடக்க வேண்டிய குற்றமாகக் கருதிவிட்டு, அடுத்த மாதம் 'தலைமைப் பண்பு வளர்ப்பது எப்படி' என்று வகுப்பு நடத்தினால், அதைக் கேட்டுச் சிரிப்பதா, அழுவதா?

நிர்வாகம் விரும்புகிற தலைவர் யார் என்பது இங்கே தெரிகிறது. கேள்வி கேட்காத தலைவர். சுமை ஏற்றினால் சுமக்கிற தலைவர். சிரித்த முகத்தோடு சுமக்கிற தலைவர்!

எது உண்மையான பயிற்சி?

பயிற்சியையே பரிகசிப்பதாக யாரும் நினைக்க வேண்டாம். ஒரு வார்டுக்குப் பொறுப்பேற்கிற நர்சு படுகிற பாடு வெளியார் அறியாதது. யாருக்கு எந்த ஷிப்டு, மருந்து இருப்பு எவ்வளவு, ஆக்ஸிஜன் எத்தனை மணி நேரம் தாங்கும், எந்தப் படுக்கையில் தொற்று பரவுகிறது, உறவினர் கூட்டம் கொதித்தெழுந்தால் எப்படிச் சமாளிப்பது என்று எல்லாம் அவர் தலையில். இதற்குப் பயிற்சி வேண்டும், முறையாக வேண்டும், சம்பளத்தோடு கூடிய டியூட்டி நேரத்தில் வேண்டும். அந்தப் பயிற்சியோடு அதிகாரமும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அமெரிக்காவிலேயே ஓர் அத்தாட்சி இருக்கிறது.

ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியில் 2001-ம் ஆண்டு பீட்டர் புரோனோவோஸ்ட் என்ற டாக்டர் ஒரு சிறிய பட்டியல் தயாரித்தார். தீவிர சிகிச்சை நோயாளியின் பெரிய ரத்தக் குழாயில் குழாய் செருகும்போது டாக்டர் செய்ய வேண்டியவை: கையைக் கழுவு, தோலைக் கிருமிநாசினியால் துடை, நோயாளியின் உடல் முழுவதையும் தூய துணியால் மூடு. இப்படி ஐந்தே கட்டளைகள். டாக்டர்கள் அறியாதது ஒன்றுமில்லை. ஆயினும் அவசரத்தில் ஏதாவதொன்று விட்டுப் போகும், ரத்தத்தில் கிருமி ஏறும், நோயாளி சாவார். புரோனோவோஸ்ட் செய்த புதுமை பட்டியலில் இல்லை. டாக்டர் ஒரு படியைத் தாண்டினால் "நிறுத்துங்கள்" என்று சொல்லும் அதிகாரத்தை நர்சுக்குக் கொடுத்தாரே, அதிலேதான் இருக்கிறது! அப்படிச் சொன்ன நர்சின் பக்கம் நிர்வாகம் நிற்கும் என்றும் உறுதி செய்தார்கள்.

பிறகு மிச்சிகன் மாநிலத்தில் நூற்றுக்கு மேற்பட்ட தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் இந்த முறை வந்தது. மூன்றே மாதத்தில், சரிபாதிக்கு மேற்பட்ட பிரிவுகளில் அந்தத் தொற்று பூஜ்யத்துக்கு இறங்கியது. 2006-ல் மருத்துவ உலகம் இதை அறிந்து வியந்தது. ஆபரேஷன் அறைக்கு உலக சுகாதார ஸ்தாபனம் தயாரித்த சரிபார்ப்புப் பட்டியலும் இதே வழிதான். நமது புது தில்லி உட்பட எட்டு நகரங்களில் அதைச் சோதித்தார்கள். ஆபரேஷனுக்குப் பிந்திய சாவு நூற்றுக்கு 1.5 ஆக இருந்தது 0.8 ஆகக் குறைந்தது என்று 2009-ல் வெளியிட்டார்கள். கத்தியை வைப்பதற்கு முன் ஒரு கணம் நிறுத்தி, இவர் யார், எந்த ஆபரேஷன், எந்தப் பக்கம் என்று எல்லோரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அந்த ஒரு கணத்தில் அங்கே பெரிய டாக்டர், சின்ன நர்சு என்ற பேதமில்லை.

தலைமை என்றால் இதுதான்! மேலே இருப்பவர் தவறும்போது கீழே இருப்பவர் பயமின்றி "நிறுத்துங்கள்" என்று சொல்லக் கூடிய நிலை. அடுத்த மாதம் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படுமா என்று நடுங்குகிறவர் அதைச் சொல்வாரா? ஒப்பந்த முறை நர்சின் வயிற்றில் மட்டும் அடிக்கவில்லை. நோயாளியின் உயிரிலும் அடிக்கிறது. பாராட்டு விழாக்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. உலகில் சுகாதாரத் துறையில் உழைப்பவர்களில் நூற்றுக்கு 70 பேர் பெண்கள். உயர்ந்த பதவிகளில் அவர்கள் நூற்றுக்கு 25 மட்டுமே என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2019-ல் கூறியது. சுமப்பது பெண், ஆள்வது ஆண். இந்த ஏணியில் படியே வைக்காமல், ஏறுவது எப்படி என்று எத்தனை வகுப்பு நடத்தினாலும் யார் ஏறப் போகிறார்கள்? நர்சிங்குக்கென்று தனி இயக்குநரகம் வேண்டும் என்பது தமிழ்நாட்டு நர்சுகளின் நீண்ட நாள் கோரிக்கை. அது வெறும் பதவி ஆசையல்ல.

பட்டத்தைத் துரத்திய ஆஸ்பத்திரி

ஆஸ்பத்திரிக்கு ஒரு பட்டம் கிடைத்தால் ஊழியருக்கும் பெருமைதானே என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்டு ஆஸ்பத்திரிக் கதையைச் சொல்ல வேண்டும்.

அந்த ஆஸ்பத்திரியின் நிர்வாகம் 'பவுண்டேஷன் டிரஸ்ட்' என்ற உயர் அந்தஸ்தைப் பெறத் துடித்தது. அதற்குக் கணக்குப் புத்தகம் அழகாக இருக்க வேண்டும். ஒரு கோடி பவுன் மிச்சம் பிடிக்கத் திட்டமிட்டார்கள். 150-க்கும் மேற்பட்ட வேலைகளை வெட்டினார்கள். 2008 பிப்ரவரியில் அந்தஸ்து கிடைத்தது. விழாவும் கொண்டாடியிருப்பார்கள்! ஆனால் அதே நேரத்தில் வார்டிலே என்ன நடந்தது? அவசரப் பிரிவில் யாரை முதலில் பார்ப்பது என்பதை மருத்துவம் படியாத வரவேற்பு ஊழியர்கள் தீர்மானித்தார்கள். முதியவர்கள் சோறும் தண்ணீரும் எட்டாமல், அழுக்குத் துணியிலேயே கிடந்தார்கள். ஆள் போதாது என்று முறையிட்டவர்களின் குரல் மேலே ஏறவில்லை. 2009-ல் உண்மை வெளிவந்தது. 2013-ல் பிரான்சிஸ் விசாரணை அறிக்கை 290 பரிந்துரைகளோடு நாட்டையே உலுக்கியது. கூரையிலே கொடி பறந்தது. கீழே மனிதர்கள் செத்தார்கள்.

இதற்கு நேர்மாறான பாடம் ஒன்றும் உண்டு. 1980-க்களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் நர்சுகள் ஆஸ்பத்திரிகளை விட்டு ஓடிக்கொண்டிருந்தார்கள். சில ஆஸ்பத்திரிகளில் மட்டும் நிலைத்து நின்றார்கள். ஏன் என்று ஆராய 163 ஆஸ்பத்திரிகளைப் பரிசீலித்து, காந்தம்போல நர்சுகளை இழுத்து வைத்திருந்த 41-ஐப் பொறுக்கி எடுத்தார்கள். 1983-ல் வெளியான அந்த ஆய்வு கண்ட காரணங்கள்: போதிய ஆட்கள், தன் வேலையில் தானே முடிவெடுக்கும் உரிமை, நிர்வாகக் குழுவிலே நர்சுகளின் பிரதிநிதி, படிப்புக்கும் உயர்வுக்கும் வழி. காந்தம் எது என்று பார்த்தீர்களா? பொன்னாடையல்ல! பிற்பாடு இதையும் விண்ணப்பம் போட்டு வாங்குகிற பட்டமாக மாற்றிவிட்டார்கள் என்பது வேறு விஷயம். முதலாளித்துவம் எந்த நல்ல பாடத்தையும் விளம்பரப் பலகையாக்கிவிடும் அல்லவா?

துடைப்பம் பிடித்த கை

நர்சுகளைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். அவர்களுக்கும் கீழே ஒரு வரிசை இருக்கிறது. அவர்கள் விழா மேடையின் பக்கமே வருவதில்லை.

மத்திய சர்க்கார் 2015-ல் 'காயகல்ப்' என்ற விருதைத் தொடங்கியது. எந்தச் சர்க்கார் ஆஸ்பத்திரி சுத்தமாக இருக்கிறதோ, கழிவுகளை ஒழுங்காக அகற்றுகிறதோ, தொற்றைத் தடுக்கிறதோ, அதற்குப் பரிசு. நல்ல திட்டம். தமிழ்நாட்டு ஆஸ்பத்திரிகள் பலவும் வென்றிருக்கின்றன, நமக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் அந்தப் பரிசை வென்று கொடுத்தது எந்தக் கை? விடிகாலையில் பினாயில் வாளியோடு வந்து, ரத்தமும் சீழும் படிந்த தரையைக் குனிந்து துடைத்த கை அல்லவா? அந்தக் கைக்குச் சொந்தக்காரி யார்? மிகப் பல இடங்களில் அவர் ஆஸ்பத்திரி ஊழியரே அல்ல; கான்டிராக்டரின் ஆள். ஆஸ்பத்திரி வருகைப் பதிவேட்டில் அவர் பெயர் இல்லை. பரிசு வாங்கிய ஆஸ்பத்திரி, தன் பரிசுக்குக் காரணமானவரைத் தன்னுடையவர் என்று சொல்லிக்கொள்ளவும் தயாரில்லை!

அவர்களில் பெரும்பாலோர் எந்தச் சேரியிலிருந்து வருகிறார்கள் என்பதையும் நாம் மறைக்க வேண்டியதில்லை. பரம்பரை பரம்பரையாகத் துடைப்பத்தை எந்த ஜாதியின் கையிலே திணித்தார்களோ, அதே ஜாதியின் கையில்தான் இன்றும் அது இருக்கிறது. முன்பு ஊர் திணித்தது. இன்று டெண்டர் திணிக்கிறது. இவர்களுக்குக் கையுறை ஒழுங்காகக் கிடைக்கிறதா, ஊசி குத்தினால் சிகிச்சை உண்டா, பி.எப். கட்டப்படுகிறதா, வார விடுமுறை உண்டா என்று பார்ப்பதுதான் அவர்களுக்குச் செய்யும் முதல் பாராட்டு. தூய்மைப் பணியாளர் என்று பெயரை மாற்றிவிட்டோம் என்று திருப்திப்பட்டுக்கொண்டால் போதுமா?

பணம் எங்கே என்பார்கள்

இவ்வளவும் கேட்டால் உடனே ஒரு பதில் வரும்: "எல்லாம் சரி, பணம் எங்கே?"

பணக் கணக்கே பேசுவோம். 2002-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 168 ஆஸ்பத்திரிகளை ஆராய்ந்தார்கள். ஒரு நர்சு பார்க்கிற நோயாளிகளின் எண்ணிக்கையில் ஒன்று கூடினால், ஆபரேஷன் நோயாளிகள் 30 நாளுக்குள் சாகும் அபாயம் 7 சதவீதம் கூடுகிறது என்று கண்டார்கள். ஆளைக் குறைத்து மிச்சம் பிடிக்கிற காசு யாருடைய உயிரிலிருந்து பிடிக்கப்படுகிறது என்பதற்கு இதைவிட என்ன கணக்கு வேண்டும்?

நமது நாட்டிலும் அளவு இல்லாமல் இல்லை. போதனா ஆஸ்பத்திரியில் 3 நோயாளிக்கு ஒரு நர்சு, மற்ற ஆஸ்பத்திரிகளில் 5 பேருக்கு ஒருவர், தீவிர சிகிச்சையில் ஒருவருக்கு ஒருவர் என்று இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்திருக்கிறது. எந்த ஊரிலாவது ராத்திரி 2 மணிக்கு ஒரு பொது வார்டுக்குப் போய் எண்ணிப் பாருங்கள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது விளங்கும்.

கலிபோர்னியாவின் நர்சுகள் இந்த அளவைச் சட்டமாக்கவே போராடினார்கள். 1999-ல் சட்டம் வந்தது, 2004-ல் அமலாயிற்று. பொது வார்டில் 6 பேருக்கு ஒருவர் என்பது 5 பேருக்கு ஒருவர் என்று இறங்க வேண்டிய நேரத்தில், சினிமாவில் மகா பலசாலியாக நடித்துவிட்டு கவர்னரான அர்னால்ட் சுவார்ஸ்நேகர் குறுக்கே நின்றார். நர்சுகள் அவர் போன இடமெல்லாம் போய் நின்றார்கள். 2005-ல் கோர்ட்டிலும் அவர் தோற்றார். அதே ஆண்டு நவம்பரில் மக்கள் முன் வைத்த தீர்மானங்களிலும் தோற்றார். வெள்ளித் திரையின் வீரரை வீழ்த்தியவர்கள் வெள்ளுடை உழைப்பாளிகள்!

அவ்வளவு தூரம் போவானேன்? பக்கத்துக் கேரளத்தைப் பாருங்கள். தனியார் ஆஸ்பத்திரி நர்சுகளின் பரிதாபச் சம்பளம் பற்றி 2016-ல் சுப்ரீம் கோர்ட்டு குழு அமைக்கச் சொன்னது. 50 படுக்கைக்குக் குறைந்த ஆஸ்பத்திரியிலும் ரூ.20,000-க்குக் குறையக் கூடாது என்று அந்தக் குழு சொன்னது. சொன்னதோடு தானாக எதுவும் நடந்துவிடவில்லை. 2018 ஏப்ரலில் கேரள நர்சுகள் சேர்த்தலையிலிருந்து திருவனந்தபுரத்துக்கு நடைப்பயணம் புறப்பட ஆயத்தமானார்கள். புறப்படுவதற்கு முன்னாலேயே, 23-ந் தேதி, குறைந்தபட்சச் சம்பளம் ரூ.20,000 என்று அந்த மாநில இடதுசாரி சர்க்கார் உத்தரவு போட்டது. கால்கள் நடக்கத் தயாரானதும் கோப்புகள் ஓடத் தயாராயின. பணம் எங்கே என்ற கேள்விக்கு விடை அங்கே கிடைத்தது. மனம் எங்கே என்பதுதான் சரியான கேள்வி.

நாம் கேட்பது

ஆகவே நமது கோரிக்கைகளைத் தெளிவாக வைப்போம்.

முதலாவது, தேர்வு எழுதி வந்த ஒவ்வொரு நர்சுக்கும் காலமுறை ஊதியத்தில் நிரந்தர இடம். நோயாளிகளின் எண்ணிக்கைக்குத் தக்கபடி பணியிடங்களைக் கூட்டுவது சர்க்காரின் கடமை. காலியிடம் இல்லை என்பது பதிலாகாது. இரண்டாவது, எத்தனை நோயாளிக்கு எத்தனை நர்சு என்ற அளவு சட்டமாக வேண்டும்; ஒவ்வொரு வார்டின் வாசலிலும் அன்றைய எண்ணிக்கையை எழுதி வைக்க வேண்டும். மக்கள் படிக்கட்டும்! மூன்றாவது, தூய்மைப் பணி நிரந்தரப் பணி. அதைச் செய்கிறவர் ஆஸ்பத்திரியின் ஊழியர். கான்டிராக்டருக்கு அங்கே வேலையில்லை. நான்காவது, ஆஸ்பத்திரி நிர்வாகக் குழுக்களில் நர்சுகளும் மற்ற ஊழியர்களும் தாங்களே தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள் அமர வேண்டும். ஐந்தாவது, தவறைச் சுட்டிக் காட்டுகிறவரைத் தண்டிக்கக் கூடாது என்று எழுத்து மூலமான உத்தரவு வேண்டும்.

இவை வந்தபின் பயிற்சி வகுப்பு நடத்துங்கள். நாங்களே வந்து உட்காருகிறோம். விருது கொடுங்கள், நாங்களே முதலில் கை தட்டுகிறோம். யாருக்கு விருது என்பதை அதிகாரியின் கடைக்கண் பார்வைக்கு விடாமல், கூட வேலை செய்கிறவர்களும் நோயாளிகளும் சேர்ந்து சொல்லட்டும். அப்போது அந்தக் கேடயத்துக்கு ஒரு கனம் இருக்கும்.

இது நர்சுகளின் பிரச்னை, நமக்கென்ன என்று வாசகர்கள் இருந்துவிடக் கூடாது. ஜுரத்தில் நாம் கண் மூடிக் கிடக்கும்போது டிரிப்ஸ் பாட்டில் தீர்ந்துவிட்டதா என்று பார்க்கப் போகிறவர் அவர். அவர் விழித்திருக்க வேண்டுமானால், அவர் கண்ணுக்கு உறக்கமும் அவர் வயிற்றுக்குச் சோறும் அவர் வேலைக்கு உத்தரவாதமும் வேண்டும். நோயாளியும் ஊழியரும் எதிரெதிர்ப் பக்கத்தில் நிற்பவர்கள் என்று காட்டி, ஆள் பற்றாக்குறைக்காக இருவரையும் ஒருவர் மேல் ஒருவரை ஏவிவிடுகிற சூழ்ச்சிக்கு நாம் இரையாகக் கூடாது. இருவர் கோரிக்கையும் ஒன்றே.

சேவையைத் தெய்வத் தொண்டு என்று உயர்த்தி, சேவகரைத் தினக்கூலி என்று தாழ்த்துகிற காலம் போதும். தெய்வத்துக்குச் சம்பளம் வேண்டாம், மனிதருக்கு வேண்டும். நமது நர்சுகள் மனிதர்கள், உழைப்பாளிகள், சங்கம் சேரும் உரிமை படைத்த குடிமக்கள். அவர்கள் தெருவுக்கு வரும்போது அவர்களோடு நிற்பதே நாம் அவர்களுக்குப் போர்த்தும் பொன்னாடை.